குசினிக்குள்ளே சப்பாத்து

எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை நான் சொன்னால் பெருமை பேசுகிறேன் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பெருமைதான். அப்பா நாலாம் வகுப்போடு நின்று வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனவர். அம்மாவுக்குத் தன் பெயரை எழுத வரும், அதற்கு மேல் வராது. ஒஸ்லோவுக்கு வந்த பிறகு அப்பா உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவியே நோர்வேஜிய மொழியைப் பழகினார். அம்மா விடுதி அறைகளைத் துப்புரவு செய்து பழகினார். நகரின் ரொம்சோஸ் பகுதியில் எங்கள் வீட்டு மேசையில் யாராவது ஒரு புத்தகத்தை விரித்து வைத்திருந்தால் அது நானாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பதுதான் என் படிப்புக்கு அவர்களால் செய்ய முடிந்த உதவி. அதை ஒரு நாளும் தவறாமல் செய்தார்கள்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. மேல்நிலைப் பள்ளியில் எனக்குக் கடைசி வருடம். சட்டம் படிப்பது என்று முடிவெடுத்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் சட்டத்துக்கு இடம் கிடைப்பது எல்லாப் பாடங்களினதும் சராசரியைப் பொறுத்தது. எழுத்துப் பரீட்சைகள் எல்லாம் முடிந்து, ஒரே ஒரு வாய்மொழிப் பரீட்சை மட்டும் மிச்சமிருந்தது. எந்தப் பாடம் என்பதைப் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னர்தான் சொல்வார்கள். எனக்கு ஆங்கிலம் விழுந்தது. ஆறுதான் அதிகூடிய புள்ளி. எனக்கு ஐந்து வேண்டும். நாலு வந்தால் சட்டம் இல்லை.

பயப்படக் காரணம் இருந்தது. வசந்த காலத்தில் எங்கள் ஆங்கில ஆசிரியை ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தார். அதில் எனக்கு மூன்றுதான் கிடைத்தது.

அது எப்படி நடந்தது என்று விளங்க வேண்டுமானால் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பேச்சுப்போட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒஸ்லோவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தமிழ் வகுப்பு. வருடத்துக்கு ஒரு முறை பேச்சுப்போட்டி. பெரியவர் யாராவது எழுதிக் கொடுத்த பேச்சைப் பிள்ளை ஒரு சொல் பிசகாமல் பாடமாக்க வேண்டும். மேடையில் ஏறி, கை கூப்பி, "பெருமதிப்புக்குரிய நடுவர்களே" என்று தொடங்க வேண்டும். குரலை எங்கே உயர்த்துவது, எந்தச் சொல்லில் வலது கையைத் தூக்குவது என்பதெல்லாம் முன்பே தீர்மானித்தவை. நடுவர்கள் மூவரும் வாயே திறக்க மாட்டார்கள். பிள்ளைக்கு நடுவில் ஒரு சொல் மறந்து போனால், அந்தப் பந்தியின் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கி ஓடிவந்து தாண்டிவிட வேண்டும். ஐந்து வயதிலிருந்து நான் அதைச் செய்திருக்கிறேன். என் கோப்பைகளை அம்மா கண்ணாடி அலுமாரியில் வைத்து வாராவாரம் துடைப்பார். பரீட்சை என்றால் இப்படித்தான் என்று எனக்கு வேறு யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஆகவே மாதிரிப் பரீட்சையிலும் எழுந்து நின்றேன். ஆசிரியை, "உட்கார், சும்மா கதைப்போம்" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து நின்றபடியே தொடங்கினேன். நான் நடுப்பகுதிக்கு வந்தபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். நடுவர் வாய் திறந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பதில் சொல்லாமல் பந்தியின் முதல் வரிக்குப் போய் மறுபடி தொடங்கினேன். அவர் இன்னொரு கேள்வி கேட்டார். நான் இன்னொரு முறை முதல் வரிக்குப் போனேன். வலது கை தானாக மேலே எழுந்தது எனக்கு நினைவிருக்கிறது.

"உனக்கு நிறையத் தெரிகிறது," என்றார் ஆசிரியை. "ஆனால் நாங்கள் இரண்டு பேரும் இன்னும் பேசத் தொடங்கவில்லை."

அன்று நிலக்கீழ் ரயிலில் வீடு திரும்பும்போது அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, அதுவும் அந்தக் கோப்பைகள் மேல்.

உண்மையான பரீட்சைக்கு வந்த தலைப்பு இது: கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கா, சாதாரண மக்களின் அன்றாடம், விலைவாசி, பொழுதுபோக்கு, செய்தி. கூடவே பாடப்புத்தகத்தில் சில பக்கங்களும் இரண்டு படங்களும். ஒன்று, ஒரு குடும்பத்துச் சமையலறை, எங்கள் பேச்சில் குசினி. அகலப் பாவாடை கட்டிய பெண் புதிய குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். மற்றது, ஒரு கடை. நீளமான பரிமாறும் மேடை, அதன் முன் உயரமான வட்டக் கதிரைகள், மேலே விலைப்பலகை, கதிரைகளில் பால்பானம் குடிக்கிற இளவட்டங்கள்.

பள்ளியிலிருந்து வந்ததும் வாசித்தேன். விஷயம் கடினமாக இல்லை. ஐந்து சதத்துக்குச் சோடா. கடைகளில் காசு போட்டால் பாடும் இசைப்பெட்டி. தெருவில் முதலில் தொலைக்காட்சி வாங்கிய வீட்டில் மாலையில் அக்கம்பக்கம் கூடுகிறது. படமாளிகையில் படத்துக்கு முன் செய்திச்சுருள் ஓடுகிறது. பிறகு அந்தச் செய்தியும் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது, மாலையில் கால் மணி நேரம். எல்லாவற்றையும் குறித்தேன். குறித்து முடித்துக் கொஞ்ச நேரத்தில் பார்த்தால், என் கால்கள் நடையில் மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தன. வாய் ஆங்கிலத்தில் ஒரு தொடக்க வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தது. நல்ல வசனம்தான், கையைத் தூக்குவதற்கும் அதில் ஓர் இடம் இருந்தது.

அந்த வசனத்தை எழுதிய தாளைக் கிழித்துக் குப்பைக்குள் போட்டேன். எனக்குத் தேவை பேச்சு அல்ல, இடைமறிக்க ஆள். வகுப்புத் தோழிகளைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். நோர்வேப் பிள்ளைகள் நல்லவர்கள், நாம் மூச்சு விட்டு முடிக்கும்வரை காத்திருப்பார்கள். அதனால் எனக்குப் பயனில்லை. அப்போது முன்னறையிலிருந்து அம்மாவும் சித்தியும் ஒரே நேரத்தில் இரண்டு வேறு கதைகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. சித்தி அம்மாவின் தங்கை. நகரின் இன்னொரு பகுதியான ட்வெய்ட்டாவில் இருக்கிறார், வடை சுட்டால் எங்களுக்கும் கொண்டு வருவார். எங்கள் வீட்டில் ஒரு வசனத்தை ஒரே ஆள் தொடங்கி அதே ஆள் முடித்ததை நான் கண்டதில்லை.

போய் அவர்கள் முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வேலைக்குப் போகாத நாளாகையால் அப்பாவும் சோபாவில் இருந்தார்.

"நான் இப்ப அமெரிக்காவைப் பற்றிக் கதைக்கப் போறன்," என்றேன். "நாளைக்கு இல்லை, நாளையண்டைக்குப் பரீட்சை. நீங்கள் மூண்டு பேரும் என்னை முடிக்க விடாமல் குறுக்கை குறுக்கை கேள்வி கேக்கவேணும்."

"இதுக்கெல்லாம் சொல்லித் தரவேணுமே?" என்றார் சித்தி. "சரி, அப்புக்காத்து அம்மா, தொடங்குங்கோ." சட்டம் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து சித்திக்கு நான் அப்புக்காத்து அம்மாதான், வக்கீலம்மா.

"அந்தக் காலத்திலை அங்கை ஒரு சோடா ஐஞ்சு சதம்."

"இஞ்சை ஒரு சோடா வாங்கப் போனால் குடல் எரியுது," என்றார் அம்மா.

"அம்மா, அது கேள்வி இல்லை."

"குடல் எரியுதோ இல்லையோ? கேள்விதான்."

"பொழுதுபோக்கு என்னெண்டால், காருக்குள்ளை இருந்தபடியே படம் பாப்பினம். பெரிய வெளி. முன்னுக்குத் திரை. இருட்டினாப் பிறகு நூற்றுக்கணக்கிலை கார்கள் வந்து நிக்கும். பெடியளும் பெட்டையளும்தான் கூட—"

"பொறு," என்றார் அம்மா. "ஒரு காருக்குள்ளை பெடியனும் பெட்டையுமோ? இருட்டிலையோ?"

"ஓம்."

"தாய் தேப்பன்?"

"வீட்டிலை."

"வீட்டிலை என்ன செய்தவையாம்?"

"ரீவி பாத்திருப்பினம் அக்கா," என்றார் சித்தி. "பிள்ளையளை வெளியிலை விட்டிட்டு நிம்மதியா இருந்திருப்பினம். நீதான் இவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்கை நிக்கிறாய் எண்டு கேக்கிறனி."

நான் விடவில்லை. மறிக்க மறிக்கப் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பினேன். பந்தியின் முதல் வரிக்குப் போகக் கூடாது என்பது எனக்கு நானே போட்ட சட்டம். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை வழுக்கவில்லை. பரீட்சை ஆங்கிலத்தில்தான், ஆனாலும் எனக்கு வேண்டியிருந்தது இந்தப் பழக்கம். அதற்கு எந்த மொழியும் சரி.

குசினிப் படத்தைக் காட்டினேன். சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைக் கிட்டப் பிடித்தார்.

"இவள் ஏன் குசினிக்குள்ளை சப்பாத்தோடை நிக்கிறாள்?"

பார்த்தேன். உயர்ந்த குதி வைத்த சப்பாத்து. காலையில் வகுப்பில் பார்த்தபோது என் கண்ணில் அது படவேயில்லை. ரொம்சோஸில் தமிழரோ நோர்வேக்காரரோ, சப்பாத்தை வாசலில் கழற்றாமல் உள்ளே வரும் ஆளுக்கு இரண்டு மொழியிலும் ஏச்சு விழும்.

"அவையள் வீட்டுக்குள்ளையும் போடுவினம் சித்தி."

"போடட்டும். உந்தக் குதியோடை நிண்டு ஆர் சமைக்கிறது? அடுப்பிலை ஒண்டும் இல்லை. பாவாடையிலை ஒரு கறை இல்லை. இவள் சமைக்கிறவள் இல்லை பிள்ளை. இவளைக் கூட்டிக்கொண்டு வந்து நிப்பாட்டியிருக்கிறாங்கள்."

படத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததை அப்போதுதான் வாசித்தேன். விளம்பரப் படம். குளிர்சாதனப் பெட்டி விற்ற ஒரு நிறுவனத்துக்காக எடுத்தது. அன்றாட வாழ்க்கை என்ற தலைப்பின் கீழ் பாடப்புத்தகம் எங்களுக்குக் காட்டியது ஒரு விற்பனையாளர் காட்ட விரும்பிய வாழ்க்கையை. எனக்கு உடம்பெல்லாம் சூடாகியது. பிடித்துவிட்டேன் என்ற சூடு.

அதுவரை அப்பா வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். நான் மற்றப் படத்தை, அந்தக் கடையை, எடுத்துக் காட்டினேன்.

"இது இளம் ஆக்கள் வந்து கூடுற கடை. விலை மலிவு. ஆரும் வந்து இருந்து குடிக்கலாம்."

"ஆருமோ?" என்றார் அப்பா.

"என்னப்பா?"

"ஆரும் வந்து இருக்கலாமோ? எல்லாரையும் இருக்க விட்டவங்களோ?"

அம்மா, "இஞ்சருங்கோ, அவள் படிக்கட்டும்," என்றார். அம்மாவின் குரலில் ஓர் அவசரம் இருந்தது.

"படிக்கத்தானே கேக்கிறன்." அப்பா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்கடை ஊரிலை ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. விலை எல்லாருக்கும் ஒண்டுதான். என்னட்டையும் காசு வாங்கினவங்கள். கதிரை தரேல்லை. வெளியிலை ஒரு தகரப் பேணி தொங்கும், எங்கடை ஆக்களுக்கு. அதிலை வாத்துத் தருவாங்கள்."

சித்தி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். எனக்கு அந்தக் கதை தெரியாது. எனக்குத் தெரியக்கூடாது என்று அம்மா வைத்திருந்த கதை அது.

"அங்கையும் அப்பிடித்தானப்பா," என்றேன். "தெற்குப் பக்கத்திலை கறுப்பு ஆக்களைக் கதிரையிலை இருக்க விடேல்லை. கன கடையளிலை சாமான் விப்பாங்கள், அந்த மேடைக்கு முன்னாலை இருக்க விடமாட்டாங்கள்."

"அப்ப அதை ஏன் நீ முதல் சொல்லேல்லை?"

அது என்னிடம் இருந்தது. புத்தகத்தில் வேறொரு அத்தியாயத்தில் இருந்தது, என் குறிப்பிலும் வேறொரு தாளில் இருந்தது. விலைவாசி ஒரு தாள், பொழுதுபோக்கு ஒரு தாள், நிறவேற்றுமை ஒரு தாள். ஒரே கடையை மூன்று தாளில் எழுதி வைத்திருந்தேன்.

மறுநாள் முழுக்க நூலகத்தில் இருந்தேன். ஜூன் மாதத்து வெயில். வெளியே புல்லில் பிள்ளைகள் படுத்திருந்தார்கள். நான் ஒவ்வொரு விலையையும் எடுத்துவைத்து, அதை யார் எங்கே நின்று கொடுத்தார்கள் என்று தேடினேன். அறுபதாம் ஆண்டின் தொடக்கத்தில் கறுப்பின மாணவர்கள் அப்படியான மேடைகளின் முன் போய் உட்கார்ந்து, பரிமாறாவிட்டாலும் எழும்பாமல் இருந்த கதையை வாசித்தேன். அவர்கள் என் வயது. சிலர் பாடப்புத்தகத்தை விரித்து வைத்துப் படித்தபடி இருந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை நான் பாடமாக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

பரீட்சை அறையில் இரண்டு பேர். ஒருவர் எங்கள் ஆசிரியை. மற்றவர் வேறொரு பள்ளியிலிருந்து வந்த பரீட்சகர், நரைத்த குட்டை முடி வைத்த பெண். நான் உள்ளே போனவுடன், யாரும் சொல்லும் முன்னரே உட்கார்ந்தேன். ஆசிரியையின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது.

"அந்தக் காலத்து அமெரிக்காவில் ஒரு சாதாரண நாள் எப்படி இருந்தது?" என்று கேட்டார் பரீட்சகர்.

கிழித்துப் போட்ட அந்தத் தொடக்க வசனம் தொண்டைவரை வந்தது. குப்பையிலிருந்து எழும்பி எப்படி வந்ததோ தெரியவில்லை. கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

"இந்தப் பெண்ணின் சப்பாத்திலிருந்து தொடங்கலாமா?" என்று கேட்டேன்.

பரீட்சகர் படத்தைத் தன் பக்கம் திருப்பினார். அதற்குப் பிறகு நடந்தது எங்கள் முன்னறை மாதிரியேதான். அவர் கேட்டார், நான் சொன்னேன், அவர் மறித்தார், நான் விட்ட இடத்துக்கு வந்தேன். விளம்பரத்திலிருந்து விலைப்பலகைக்கும், விலைப்பலகையிலிருந்து அந்தக் கதிரைகளுக்கும் போனோம். ஐந்து சதம் எல்லோருக்கும் ஐந்து சதமாக இருக்கவில்லை என்று சொன்னேன். செய்திச்சுருள்களில் வெளிநாடுகளைப் பற்றி எப்படிக் காட்டினார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன். பேச்சுப்போட்டியில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை, இங்கே இருந்தது. எங்கே தேடுவேன் என்பதை மட்டும் சொன்னேன்.

கடைசியில் அவர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்: "விலையையும் கதிரையையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று உனக்கு எப்படித் தோன்றியது?"

அப்பாவின் பேணி என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அந்த அறை உருகிவிடும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அது அப்பாவுடையது. அவர் அதை எனக்குத் தந்தது படிப்பதற்கு, புள்ளி வாங்குவதற்கு அல்ல.

"வீட்டில் நாங்கள் கதைப்போம்," என்றேன்.

வெளியே நடையில் காத்திருக்கச் சொன்னார்கள். எதிர்ச் சுவரில் மங்கிய விளையாட்டுக் குழுப் படங்கள். ஒரு படத்தில் எத்தனை தலை என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். கதவு திறந்தது.

"ஐந்து," என்றார் ஆசிரியை.

நன்றி சொல்லிவிட்டு, "ஏன் ஆறு இல்லை?" என்று கேட்டேன்.

பரீட்சகர் சிரித்தார். "செய்தியைப் பற்றி நீ சொன்னது குறைவு. அதுதான் காரணம்." பிறகு, "இன்னொன்று, அது காரணம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். என் கேள்வி ஒன்றையும் நீ முழுதாகக் கேட்டு முடிக்க விடவில்லை" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது சித்தியும் இருந்தார். அன்று வடை இல்லை, கேசரி. நல்ல சேதி வருமுன்னரே கிண்டி வைத்திருந்தார்கள்.

"ஐஞ்சு," என்றேன்.

"மற்ற ஒண்டு எங்கை?" என்றார் சித்தி.

"போதும் சித்தி. சட்டத்துக்கு இது காணும்."

அம்மா என் தலையைத் தடவிவிட்டு, கண்ணைத் துடைத்துவிட்டு, அதே கையோடு கேசரியைக் கிண்ணத்தில் போட்டார். "அப்ப அந்தக் கார்ப் படத்தைக் கேட்டவையே?" என்றார். "சப்பாத்தைச் சொன்னனியோ? ஆர் கண்டுபிடிச்சது எண்டு சொன்னனியோ?" என்றார் சித்தி. இரண்டு கேள்வியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

அப்பா வாசலில் நின்றார். வேலைக்குப் புறப்படும் நேரம். சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடையைப் பற்றிக் கேட்டவையோ?"

"நானே சொன்னனான்."

"என்ன சொன்னனி?"

நான் சொல்லத் தொடங்கினேன். ஐந்து சதம் என்று வாயெடுத்ததும் அம்மா இடையில் ஏதோ கேட்டார். சித்தி அதற்குப் பதில் சொன்னார். அப்பா சப்பாத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"அவளை முடிக்க விடுங்கோ," என்றார்.

இருவரும் நிறுத்தினார்கள். நான் அந்தக் கடையின் கதவிலிருந்து தொடங்கி, மாணவர்கள் உட்கார்ந்த கதிரைவரை, எழும்பச் சொன்னபோது அவர்கள் எழும்பாமல் இருந்ததுவரை, எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவுக்கு வேலைக்குப் பிந்தியது. அவர் எழும்பவில்லை.